கட்டுரையில் இல்லாத மொச்சை

"அது சரியாவே சொல்லியிருந்தா, நான் அந்தப் பேப்பரைப் படிச்சிருக்க வேண்டியதே இல்லையா, மிஸ்?"

என் மாணவி ஒருத்தி வகுப்பில் எழுந்து நின்று கேட்ட கேள்வி இது. கேட்டுச் சில மாதங்கள் ஆகிவிட்டன. கிள்ளானிலிருந்து காலை ரயிலில் வரும்போது இதற்குப் பல பதில்களைத் தயார் செய்திருக்கிறேன். கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் நடந்து கல்லூரி வாசலை அடைவதற்குள் ஒவ்வொன்றும் எனக்கே பிடிக்காமல் போய்விடும்.

நான் அங்கே பகுதிநேர விரிவுரையாளர். உணவு அறிவியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆய்வுக்கட்டுரைகளை எப்படி வாசிப்பது என்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. கேட்பதற்குச் சின்ன வேலைபோல் இருக்கும். ஆனால் ஓர் ஆய்வுக்கட்டுரையை முதன்முதலில் கையில் எடுக்கும் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். ஊசி போட வரிசையில் நிற்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த மாணவியும் அப்படித்தான் இருந்தாள். கிள்ளான் பெண். தமிழ்ப்பள்ளியில் படித்தவள். பிறகு இடைநிலைப்பள்ளி மலாயில். ஆங்கிலம் அவளுக்கு மூன்றாவதாக வந்த மொழி. முதல் சில வாரங்களில் அவளுடைய கட்டுரைப் பிரதியை வாங்கிப் பார்த்தேன். முக்கியமான வரிகளுக்கு மட்டும் மஞ்சள் பூசச் சொல்லியிருந்தேன். பக்கம் முழுக்க மஞ்சளாக இருந்தது. எது முக்கியம் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் பூசிவிட்டாள். கட்டுரை புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலின் அர்த்தம் எனக்குத் தெரியும். கல்லூரியில் படிக்கும்போது நானும் ஆட்டியிருக்கிறேன்.

பிறகு அவள் சாட்போட்டோடு வாசிக்கத் தொடங்கினாள். கட்டுரையை அதில் ஏற்றி, ஒரு பத்தியைக் காட்டி, இதைத் தமிழில் சொல், இன்னும் எளிமையாகச் சொல், ஓர் உதாரணம் சொல் என்று கேட்பாள். இரண்டு மூன்று வாரத்தில் வகுப்பில் கையைத் தூக்க ஆரம்பித்தாள். ஒருநாள் படியில் இறங்கும்போது, அதனிடம் கேட்பதற்கும் என்னிடம் கேட்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கொஞ்சம் ரோஷத்தோடுதான் கேட்டேன்.

"உங்ககிட்ட மூணாவது வாட்டி கேக்க வெக்கமா இருக்கும் மிஸ். அதுக்குச் சலிப்பே வராது லா."

சலிப்பு வராத டீச்சராக நான் ஒருநாளும் இருக்க முடியாது. வீட்டில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். அவன் ஒரு காலைப் பொழுதில் கேட்கும் கேள்விகளிலேயே என் பங்குப் பொறுமை தீர்ந்துவிடுகிறது.

துறையில் இதைப் பற்றி ஒருமித்த கருத்து இல்லை. சிலர் சாட்போட்டை அடியோடு நிறுத்த வேண்டும் என்கிறார்கள். சிலருக்கு அது கால்குலேட்டர் மாதிரிதான். வாசிப்பு வகுப்பை நடத்துவது நான் என்பதால், துறைத்தலைவர் முடிவை என்னிடமே விட்டார். ஒரு பருவம் முழுக்கப் பாருங்கள், அடுத்த பருவத்துக்குப் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று நீங்களே எழுதிக்கொடுங்கள் என்றார். நல்ல மனிதர். ஆனால் என்னை மாதிரி ஒருத்தியிடம் முடிவை விடுவது அவ்வளவு நல்ல காரியம் இல்லை. தடுத்தால் அந்தப் பெண் மறுபடியும் தலையாட்டத் தொடங்கிவிடுவாள். விட்டால் அவள் வாசிப்பது கட்டுரையையா, கட்டுரையைப் பற்றி யாரோ சொன்னதையா என்று எனக்குத் தெரியாமலே போய்விடும்.

எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தாங்கள் வாசித்த கட்டுரையை வீட்டில் யாராவது ஒருவருக்கு, வீட்டு மொழியில் சொல்ல வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்வியை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். நல்ல கேள்வியாக இருக்க வேண்டியதில்லை. எலிகளுக்கு மீன் எண்ணெய் கொடுத்த கட்டுரையைக் கேட்ட ஒரு மாணவனின் அப்பா, அந்த எலிகள் பிறகு எங்கே போயின என்று கேட்டாராம். அன்றைக்கு வகுப்பு முழுக்க அதைப் பற்றியே பேசினோம். இப்படியான கேள்விகளை எந்தப் பாடநூலும் கொடுக்காது. வீட்டு மொழியில் சொல்வதற்கும் பலர் சாட்போட்டின் உதவியைத்தான் கேட்டார்கள். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழிலோ மண்டரினிலோ சொல்ல வார்த்தைகள் வேண்டுமே.

இப்போது என் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு ஜி6பிடி குறைபாடு. இங்கே பிள்ளை பிறந்தவுடனேயே பரிசோதித்துச் சொல்லிவிடுவார்கள். நிறையப் பையன்களுக்கு இருக்கிறது. சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஒரு நொதி குறைவாக இருக்கும். மற்றபடி ஓடுவான், விழுவான், கத்துவான். சில மருந்துகள் ஆகாது, அலமாரியில் போடும் பூச்சி உருண்டை ஆகாது, ஒரு வகைப் பயறு ஆகாது. பட்டால் சிவப்பணுக்கள் உடைந்து, உடம்பு மஞ்சளித்து, சிறுநீர் கறுத்துப் போகலாம். கிளினிக்கில் கொடுத்த அட்டையில் அந்தப் பயறு காச்சாங் பாராங் என்று மலாயில் இருந்தது. மளிகைக் கடையில் வறுத்து உப்புப் போட்டுப் பாக்கெட்டில் விற்பார்களே, அதுதான். என் கணவருக்கு டிவி பார்க்கும்போது அது வேண்டும். அன்றோடு நிறுத்திவிட்டார். செராஸில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போனால் நான் முதலில் அலமாரிப் பக்கம் போய் மூச்சை இழுத்துப் பார்ப்பேன். அவர்களுக்கு இது பழகிவிட்டது. இவள் வந்தால் முதலில் துணிக்குத்தான் வணக்கம் சொல்வாள் என்பார்கள்.

அந்தப் பயற்றைப் பற்றிய கட்டுரை ஒன்றை வகுப்புக்கான கட்டுரைகளில் சேர்த்தது நான்தான். ஏன் சேர்த்தேன் என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. யாராவது அதை எடுத்துப் படித்து என்னிடம் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. அதை எடுத்தவள் அந்த மாணவி.

வகுப்பில் அதை விளக்கும் முறை வந்த நாளில் அவள் நன்றாகவே பேசினாள். துண்டுச் சீட்டு இல்லாமல் பேசினாள். நொதி என்ன செய்கிறது, பயற்றில் என்ன இருக்கிறது எல்லாம் தெளிவாக வந்தது. முடிவில், வீட்டில் அம்மாவிடம் சொன்னேன் என்றாள். அவளுடைய அம்மா கிள்ளானில் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறவர்.

"அம்மா ஒண்ணுதான் கேட்டாங்க மிஸ். 'அப்ப பொங்கலுக்கு மொச்சை போடக் கூடாதா?'"

தமிழ்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கட்டுரையில் மொச்சை எங்கே வந்தது என்று கேட்டேன். அந்தப் பயறுக்குத் தமிழில் மொச்சை மிஸ், தமிழில் சுருக்கிக் கேட்டேன், அதில் அப்படித்தான் வந்தது என்றாள்.

காச்சாங் பாராங்கிற்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கும் என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. அது கடையில் பாக்கெட்டில் தொங்கும் பொருள், அதற்கு மலாய்ப் பெயர், அவ்வளவுதான். மொச்சையோ அடுப்பில் இருப்பது. அன்று காலை பையனைப் பக்கத்து வீட்டு ஆன்டியிடம் விடும்போது அவர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஊறவைத்த மொச்சை இருந்தது.

வகுப்புக்கு இடைவேளை விட்டு வராந்தாவுக்குப் போய் ஆன்டியை அழைத்தேன். பையனைப் பிறந்த சில மாதங்களிலிருந்து பார்த்துக்கொள்கிறவர். அவருக்கு என் குரல் வைத்தே என் பயத்தின் அளவு தெரியும்.

"தம்பி சாப்பிட்டானா, ஆன்டி?"

"சாப்பிட்டாச்சு. சோறும் மொச்சைக் குழம்பும். இன்னும் வேணும்னு கேட்டு வாங்கித் தின்னான். ஏம்மா?"

அவன் முகம் வெளிறியிருக்கிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா, சிறுநீர் என்ன நிறம் என்று வரிசையாகக் கேட்டேன்.

"இப்பதான் டயப்பர் மாத்துனேன். எப்பவும்போலதான் இருக்கு. வேணும்னா படம் எடுத்து அனுப்பவா?"

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அதே கைப்பேசியில் சாட்போட்டைத் திறந்தேன். தமிழில் கேட்டேன். அந்தப் பயறும் மொச்சையும் ஒன்றுதான் என்றது. ஆங்கிலத்தில் கேட்டேன். இல்லை, வெவ்வேறு செடிகள் என்றது. மலாயில் கேட்டேன். காச்சாங் பாராங் என்ற பெயரைச் சிலர் வேறொரு பெரிய அவரைக்கும் சொல்வதுண்டு என்றது. மூன்று மொழியிலும் ஒரே கனிவு, ஒரே உறுதி. எதையாவது அது சொன்னால், கட்டுரையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள் என்று பிள்ளைகளுக்கு வாராவாரம் சொல்கிறவள் நான். அந்த நேரத்தில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

அன்று வீட்டுக்குப் போன கையோடு பையனைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் அவன் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றைத் தட்டினார். அவன் டாக்டரின் வயிற்றைத் தட்டினான். பையன் நன்றாக இருக்கிறான் என்றார். தடை அந்த ஒரு பயறுக்குத்தான், மொச்சை வேறு, ஆனால் வீட்டில் இருப்பது எதுவென்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் தெரியும்வரை கொடுக்காதீர்கள் என்றார். நிம்மதியோடு திரும்பி வந்து ஆன்டியின் சமையலறையில் அந்தப் பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். தமிழில் பெரிதாக மொச்சை என்று இருந்தது. கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் பிராட் பீன்ஸ். காச்சாங் பாராங்கிற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து நின்றேன்.

கொஞ்ச நாள் மொச்சை வேண்டாம் ஆன்டி என்று சொன்னேன். எங்கே இதைக் கேட்டாய் என்றார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"உங்க கம்ப்யூட்டர் ஒரு பிள்ளைக்காவது சோறு ஊட்டியிருக்கா?"

கோபம் என்றில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கப் பையனுக்குச் சோயாக் கட்டியான தௌஃபூவும் கேரட்டும்தான். கிண்ணத்தை என்னிடம் காட்டி, பார்த்துக்கொள், இதில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் ஊட்டுவார்.

அந்த வாரத்தில் நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். சாட்போட் வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கப் போகிறேன். ஒரு வார்த்தையைத் தவறாகப் போட்டதால் நான் ஒரு பகல் முழுக்க நடுங்கினேன். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் உணவுத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கப் போகிறவர்கள். அவர்கள் ஒரு வார்த்தையைத் தவறாக நம்பினால் என்ன ஆகும்? துறைத்தலைவரிடம் என்ன சொல்வது என்று ரயிலில் வாக்கியம் வாக்கியமாக யோசித்து வைத்தேன். சுபாங் ஸ்டேஷன் தாண்டும்போது அந்தப் பெண்ணின் முகம் வரும். வாக்கியம் அறுந்துவிடும்.

அடுத்த வகுப்புக்கு அவள் டிஷ்யூவில் எதையோ மடித்துக் கொண்டுவந்தாள். என் மேசையில் பிரித்தாள். மொச்சைக் கொட்டைகள்.

அவளுடைய அம்மா விடவில்லையாம். சும்மா மொச்சை என்றால் எப்படி, எந்த மொச்சை என்று கேட்டு வா, என் அடுப்பில் இருப்பதை நிறுத்துவதற்குச் சாட்சி வேண்டும் என்றாராம். இவள் மறுபடியும் சாட்போட்டிடம் போயிருக்கிறாள். இந்த முறை சுருக்கம் கேட்கவில்லை. இந்தப் பயறின் பெயர் கட்டுரையில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். செய்முறைப் பகுதியில் அறிவியல் பெயரோடு இருக்கிறது என்று அது இடத்தைக் காட்டியிருக்கிறது. அங்கே போய் வரி வரியாகப் படித்திருக்கிறாள். புரியாத சொல்லை மட்டும் அதனிடம் கேட்டிருக்கிறாள். விசியா ஃபாபா என்று சாய்வெழுத்தில் இருந்ததாம். பிறகு மொச்சையின் அறிவியல் பெயரைத் தாவரவியல் புத்தகம் ஒன்றில் தேடிப் பிடித்திருக்கிறாள். அது லாப்லாப்.

"பேப்பர்ல மொச்சைன்னு எங்கயுமே இல்ல மிஸ். அதுவா போட்டுக்கிச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "செய்முறையைக் கடைசியில படிச்சாப் போதும்னு நீங்கதான் சொன்னீங்க."

வகுப்பு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உண்மைதான், சொல்லியிருந்தேன். முதன்முறை வாசிக்கிறவர்கள் பயந்துவிடக் கூடாது என்று எல்லா விரிவுரையாளர்களும் சொல்வது அது.

பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் பாக்கெட்டில் பிராட் பீன்ஸ் என்று போட்டிருந்தால் என்ன செய்வது என்று நான் கேட்டேன். இதைக் கேட்டது அவர்களுக்காக இல்லை. முன்வரிசையில் இருந்த மலாய்ப் பெண் ஒருத்தி, ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுக் கீழே இருக்கும் கடைக்கு இறங்கிப் போனாள். வறுத்த காச்சாங் பாராங் பாக்கெட்டோடு திரும்பி வந்தாள். இரண்டையும் ஒரு வெள்ளைத் தாளில் பக்கம் பக்கமாக வைத்தோம். எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். காச்சாங் பாராங் பெரிது, தட்டை, தோலின் ஒரு முனையில் மட்டும் கறுப்பாகச் சின்னக் கோடு. மொச்சையில் ஓரம் நெடுக வெள்ளையாக, தடித்து, நகத்தால் உரசினால் தட்டுப்படும் ஒரு கோடு. தாவரவியல் புத்தகத்தின் படங்களும் அதையே காட்டின. பார்த்துப் பழகிவிட்டால் குழப்பமே வராது. நான் சிறு வயதிலிருந்து மொச்சை தின்கிறேன். அந்த வெள்ளைக் கோட்டை அன்றுதான் பார்த்தேன்.

அப்போதுதான் பையனைப் பற்றி அவர்களிடம் சொன்னேன். வராந்தாவில் நின்று என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன். டயப்பர் படத்தை மட்டும் சொல்லவில்லை. மலாய்ப் பெண் காச்சாங் பாராங் பாக்கெட்டை மெதுவாகத் தன் பைக்குள் வைத்தாள், பையன் அங்கேயே இருப்பதுபோல.

"தம்பி இப்ப நல்லா இருக்கானா, மிஸ்?" என்று என் மாணவி கேட்டாள். நன்றாக இருக்கிறான், தௌஃபூ தின்று அலுத்துப்போய் இருக்கிறான் என்றேன். அவள் உட்காரவில்லை. யோசித்துக்கொண்டே நின்றாள். அப்புறம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். சாட்போட் முதலிலேயே சரியான பெயரைச் சொல்லியிருந்தால் அவள் செய்முறைப் பகுதிப் பக்கமே போயிருக்க மாட்டாள். அம்மாவிடம் சரியாகச் சொல்லியிருப்பாள், அம்மாவும் சரி என்றிருப்பார். அப்படியென்றால் அவள் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க வேண்டியதே இல்லையா?

நான் என்னென்னவோ சொன்னேன். சரியா தவறா என்று தெரிந்துகொள்ளவே படிக்க வேண்டும் என்றேன். அப்படியென்றால் எல்லாவற்றையும் இரண்டுமுறை செய்ய வேண்டுமா என்று வேறொருவன் கேட்டான். வாசிப்பது பதிலுக்காக மட்டும் இல்லை என்றேன். சொல்லும்போதே அது சுவரில் எழுதி மாட்டும் வாசகம்போல் என் காதில் விழுந்தது. அவள் என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

"பரவால்ல மிஸ். நீங்க மெதுவா யோசிங்க. அதுகிட்ட கேட்டா உடனே சொல்லிடும், ஆனா நான் கேக்கல."

அன்று மாலை ஆன்டியின் வீட்டில் பாக்கெட்டைத் தட்டில் கொட்டி ஒவ்வொரு கொட்டையாகத் திருப்பி வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. ஆன்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாரும் பாஸா? இப்ப ஊற வைக்கட்டுமா?"

மறுநாள் பையன் மொச்சைக் குழம்பு தின்றான். வாயெல்லாம், கன்னமெல்லாம், காதுக்குப் பின்னாலும் குழம்பு. ஆன்டி படம் எடுத்து அனுப்பினார். இந்த முறை நான் கேட்காமலே அனுப்பினார்.

துறைத்தலைவரிடம் சொல்ல யோசித்து வைத்த வாக்கியங்களை விட்டுவிட்டேன். ஆனால் அவற்றின் இடத்தில் வேறு வாக்கியங்கள் இன்னும் வரவில்லை. கட்டுரையை முதலில் நீங்களே படியுங்கள், பிறகுதான் சாட்போட் என்று எழுதலாம். நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விதி முதல் வாரத்திலேயே இருந்திருந்தால், பக்கம் முழுக்க மஞ்சள் பூசிய அந்தப் பெண் கடைசிவரை மஞ்சள்தான் பூசியிருப்பாள். லாப்லாப் என்ற சொல் அவள் வாயில் வந்தே இருக்காது. முதலில் சாட்போட், பிறகு கட்டுரை என்று எழுதினால், பிறகு என்பது எத்தனை பேருக்கு வரும்? அவளுக்கு அது வந்ததற்குக் காரணம் என் விதி இல்லை. சாட்சி கேட்ட ஓர் அம்மா வீட்டில் இருந்தார். எல்லார் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று நான் எப்படி எதிர்பார்ப்பது?

புதிய பருவம் தொடங்கப் போகிறது. புதிய பிள்ளைகள் அதே ஊசி முகத்தோடு வந்து உட்காருவார்கள். அதற்குள் நான் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். இதை வாசிக்கிறவர்களில் ஆசிரியர்கள் இருக்கலாம், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இருக்கலாம், இப்போதுதான் படித்து முடித்து வெளியே வந்தவர்களும் இருக்கலாம். ஆங்கிலம் மூன்றாவது மொழியாக வந்த, வெட்கப்படுகிற, ஆனால் கெட்டிக்காரியான ஒரு பெண் உங்கள் முன்னால் ஓர் ஆய்வுக்கட்டுரையோடும் கைப்பேசியோடும் உட்கார்ந்திருந்தால், அவளை முதலில் எதைத் திறக்கச் சொல்வீர்கள்? உங்கள் அனுபவத்தில் எது உதவியது என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அவளிடம் நான் இன்னும் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன்.